கிள்ளானில் ஒரு சங்கிலி ஜெபம்

அக்கா,

இன்று சாயங்காலம் சுண்ணாம்பு வாசனைதான் உங்களைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தியது. மத்தியானம் பெய்த மழை விட்டதும், ரயில்வே குவாட்டர்ஸுக்குப் பின்னால் பிள்ளைகள் பூப்பந்து ஆடுவதற்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓட்டை போட்ட பால் டின்னில் கரைத்த சுண்ணாம்பு, ஈர மண், பக்கத்துத் தண்டவாளத்தில் போன ரயிலின் கரிப்புகை எல்லாம் கலந்து வந்தது. கோடு கோணலாகத்தான் போனது. நீங்கள் இருந்திருந்தால் டின்னைப் பிடுங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நீங்களே குனிந்திருப்பீர்கள். "கோடு கோணலா இருந்தா சண்டை வரும் லா. சபையிலயும் அப்படித்தான்" என்று ஒரு குட்டிப் பிரசங்கமும் கூடவே வந்திருக்கும்.

நீங்கள் போன பிறகு ஒரு கிறிஸ்துமஸும் வந்து போய்விட்டது. உயிரோடு இருந்தபோது உங்களைப் புகழ்ந்து ஒரு வாக்கியத்தையாவது நான் முழுசாகச் சொல்லி முடித்ததில்லை. ஆரம்பித்ததுமே, "அடுப்புல என்ன வச்சிருக்க, கருகுது பாரு" என்பீர்கள். அடுப்பில் ஒன்றும் இருக்காது. இப்போது உங்களால் குறுக்கே பேச முடியாது என்ற தைரியத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கல்யாணமாகிக் கப்பலேறி நான் பிரிக்பீல்ட்ஸ் வந்த புதிதில், நம் தமிழ்ச் சபைக் கோயிலில்தான் உங்களை முதலில் பார்த்தேன். பார்த்தேன் என்பதைவிடக் கேட்டேன் என்பதே சரி. ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் உட்கார்ந்திருக்க, பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கட்டைக் குரல் எழுந்து, ஆண்கள் பாட வேண்டிய கீழ்க்குரலைப் பாடிக்கொண்டு போனது. யாரென்று எட்டிப் பார்த்தேன். ஆர்மோனியத்துக்குப் பின்னால் ஒல்லியாக, உயரமாக நீங்கள். பாடகர் குழுவுக்கு நீங்கள்தான் தலைமை. கீழ்க்குரல் பாட ஆண்களில் இருந்ததே இரண்டு பேர். ரயில்வேக்காரர்கள் என்பதால் பாதி ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போய்விடுவார்கள். "அதுக்காகப் பாட்டு நொண்டணுமா? நான் பாடிட்டுப் போறேன்" என்று நீங்களே அதையும் எடுத்துக்கொண்டீர்கள். பெண் இப்படிப் பாடலாமா என்று சபையில் கொஞ்ச நாள் முணுமுணுப்பு இருந்ததாம். நீங்கள் பாடுவதை நிறுத்தவில்லை, அவர்கள்தான் முணுமுணுப்பை நிறுத்தினார்கள்.

அந்தக் குழுவில் என்னையும் சேர்த்துக்கொண்டீர்கள். பாட்டுப் பழகும்போது உங்களிடம் கருணையை எதிர்பார்க்க முடியாது. சோகமான பாட்டு என்றால் நம் ஆட்கள் இழுத்து இழுத்துப் பாடுவார்கள். நீங்கள் காலால் தரையைத் தட்டுவீர்கள். "மூச்சு விடுற எடத்துல மட்டும் நில்லுங்க. அழுவுற எடத்துல நிக்க வேணாம்" என்பீர்கள். இசையைப் பற்றித்தான் சொன்னீர்கள். ஆனாலும் எத்தனையோ நாள் அது எனக்கு வேறு விதமாக உதவியிருக்கிறது.

வாரநாட்களில் நீங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாலர் வகுப்பு டீச்சர். உங்களுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி நீங்கள் பேசியதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஆனால் காலையில் நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும்போது, வீட்டுக்கு வீடு பிள்ளைகள் ஓடிவந்து உங்கள் முந்தானையைப் பிடித்துக்கொள்ளும். சாயவேட்டி கட்டிய அப்பாமார்கள் சிரித்துக்கொண்டே அனுப்பிவைப்பார்கள். வகுப்புக்குப் போய்ச் சேரும்போது முந்தானை கசங்கிச் சுருண்டிருக்கும். நீங்கள் அதை நீவிவிடக்கூட மாட்டீர்கள்.

என் வீட்டுக்காரர் ரயிலில் கார்டு. ஒருமுறை வடக்கே போய்விட்டுக் காய்ச்சலோடு திரும்பினார். அந்த வாரத்திலேயே போய்விட்டார். மகளுக்கு அப்போது ஆறு வயசு.

நம் சபைப் பெண்களுக்கு அழிப்பதற்குப் பொட்டு கிடையாது. அதனாலோ என்னவோ, என்னிடமிருந்து பாட்டை எடுத்துக்கொண்டார்கள். துக்க வீட்டார் ஒரு வருஷம் பாடக் கூடாது என்பது யாரும் எழுதிவைக்காத சட்டம். ஆராதனைக்குப் போகலாம், முக்காடு போட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்காரலாம், பாட்டுப் புத்தகத்தைத் திறந்துகூட வைத்திருக்கலாம். வாயை மட்டும் திறக்கக் கூடாது. "நீ ஓய்வா இரும்மா" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். அதட்டிச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அன்பாகச் சொன்னவர்களிடம் என்ன பேசுவது.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் வேதத்திலிருந்து ஆறுதல் வசனம் சொன்னார்கள். ஒரே வசனத்தை ஒரே நாளில் மூன்று பேர் சொல்லிக் கேட்டதும் உண்டு. நீங்கள் மட்டும் அடக்கத்தன்று வந்ததோடு சரி. எனக்கு உங்கள்மேல் கோபமாகக்கூட இருந்தது. பிறகு ஒரு சாயங்காலம், இரண்டு பூப்பந்து மட்டைகளோடு வாசலில் வந்து நின்றீர்கள்.

"ஸ்டேஷன் மாஸ்டர் சம்சாரம் ஊருக்குப் போயிட்டாங்க. நாலாவது ஆள் இல்ல. வா" என்றீர்கள்.

"அக்கா, நான் துக்கத்துல இருக்கேன்."

"தெரியும். மூணு பேர வச்சுக்கிட்டு நான் எப்படி ஆடுறது? பொழுது சாயுது, வா லா."

அவ்வளவுதான். ஒரு வசனம் இல்லை, ஒரு கண்ணீர் இல்லை. எனக்காக நீங்கள் வந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. உங்களுக்கு ஓர் ஆள் குறைகிறது, நான் சும்மா இருக்கிறேன், அது உங்களுக்குச் சரியாகப் படவில்லை. அந்தச் சமயத்தில் என்னை ஒருவர் தேவைப்படுகிற ஆளாக நினைத்தார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டுகிற டிரெஸ்ஸரின் பெண்கள் இரண்டு பேர் வலைக்கு அந்தப் பக்கம், நீங்களும் நானும் இந்தப் பக்கம். முதல் நாள் நான் பந்தைத் தொட்டதாகவே ஞாபகம் இல்லை. "மட்டையப் பாக்காத, பந்தப் பாரு. மட்டை எங்கயும் போயிடாது" என்று கத்திக்கொண்டே இருந்தீர்கள். டிரெஸ்ஸரின் இளையவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, வந்ததும் பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டேன். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். அடுத்த பந்தை அடித்தீர்கள்.

அடுத்த நாளும் நாலாவது ஆள் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் சம்சாரம் ஊரிலிருந்து திரும்பிய பிறகும்கூட, ஏனோ அவருக்கு ஆட நேரமே வாய்க்கவில்லை. மெல்ல மெல்ல எனக்குப் பந்து தட்டுப்பட ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்ததும் கால் கடுக்கும், பசிக்கும், படுத்தால் தூக்கம் வரும். இந்த மூன்றும் எனக்கு மறந்தே போயிருந்தன.

ஊர் வாய் சும்மா இருக்குமா? வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு பூப்பந்து ஆடுகிறாளே என்று பேச்சு வந்தது. உங்கள் காதுக்கும் அதைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். "ஆட்டத்துக்கு வெள்ளதான் சரி. வெள்ளக்கார துவான்மாரு கிளப்புல போய்ப் பாருங்க, எல்லாரும் வெள்ளதான் போட்டு ஆடுறாங்க" என்றீர்கள். சொல்ல வந்தவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஊர் வாயைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. என் பயமெல்லாம் கிள்ளானில் இருந்தது. என் வீட்டுக்காரரின் அண்ணன், நாங்கள் பெரியத்தான் என்று கூப்பிடுபவர், அங்கே துறைமுகத்தில் குமாஸ்தா, கிள்ளான் சபைக்கு மூப்பர். கெட்ட மனுஷர் என்று யாரும் சொல்ல முடியாது. தம்பியின் அடக்கத்துக்கு எல்லாம் செய்தது அவர்தான். ஆனால் நாங்கள் இருந்த குவாட்டர்ஸை ரயில்வேக்குத் திருப்பிக் கொடுக்கும் நாள் நெருங்க நெருங்க, என்னையும் மகளையும் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவதுதான் கௌரவம் என்று அவர் முடிவு பண்ணிக்கொண்டிருந்தார். ஊரில் எனக்குத் தாய் தகப்பன் இல்லை. மாமனார் வீட்டில் ஒரு பின்கட்டு அறையும், ஓயாத வேலையும் காத்திருந்தன. என் மகள் இங்கே படிக்க ஆரம்பித்திருந்தாள். அங்கே போனால் அது அவ்வளவுதான். ஊரில் டீச்சர் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கல்யாணம் கட்டிக்கொண்டு வந்தவள் நான். அவளுக்கும் அப்படிப் பாதியில் நிற்க வேண்டாம் என்று இருந்தது. எனக்கு இங்கேயே இருக்க வேண்டும். ஆனால் அதைப் பெரியத்தான் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. உங்களிடம் சொன்னேன். "ம்" என்றீர்கள்.

நம் ஜனங்களுடைய ஜெபப் பழக்கத்தைப் பற்றி இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததையெல்லாம் நாம் ஆண்டவரிடம் சொல்லுகிற சாக்கில் சொல்லிவிடுவோம். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபங்களில் ஒருவர் முடித்ததும் இன்னொருவர் தொடருவார், சங்கிலி ஜெபம் என்று பெயர். கடைசி ஆள் முடிக்கும்வரை கண்ணைத் திறக்கக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்போது, மருமகளைப் பற்றி மாமியார் ஆண்டவரிடம் முறையிடுவார். அந்த அம்மா முடித்த கையோடு மருமகளும் ஆண்டவரிடம் தன் பங்கைச் சொல்லுவாள். நீங்களே ஒருமுறை, "ஆண்டவரே, கீழ்க்குரல் பாடுகிற சகோதரர்களைப் பயிற்சிக்கு நேரத்தோடு எழுப்பிவிடும்" என்று ஜெபித்தீர்கள். அந்தச் சகோதரர் உங்களுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

இந்தப் பழக்கம் ஒருநாள் என் தலையெழுத்தையே தீர்மானிக்கும் என்று யாருக்குத் தெரியும்.

வருஷத்துக்கு ஒருமுறை நாம் எல்லோருமாக ரயிலேறிக் கிள்ளான் சபைக்குப் போவோமே, அந்த ஐக்கிய நாள். காலையில் கூட்டு ஆராதனை, மத்தியானம் எல்லோருக்கும் சாப்பாடு, சாயங்காலம் விளையாட்டு. அந்த வருஷம் முதல் தடவையாகப் பெண்களுக்கும் ஓர் ஆட்டம் வைக்க வேண்டும் என்று நீங்கள் கிள்ளான் போதகரின் மனைவியிடம் சொல்லி ஏற்பாடு பண்ணியிருந்தீர்கள். அவரும் அவர் தங்கையும் ஒரு ஜோடி. நம் பக்கம் நீங்களும் நானும். துக்க வருஷம் முடிய இன்னும் நாள் இருந்தது. வர மாட்டேன் என்று எவ்வளவோ சொன்னேன். "உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா, கோட்டுக்குள்ள பந்து போடத் தெரிஞ்ச ஆளு?" என்றீர்கள். புகழ்ச்சி என்று உங்கள் வாயிலிருந்து நான் வாங்கியது அது ஒன்றுதான்.

ஆட்டுக்கறியும் நண்டுக் குழம்பும் சாப்பிட்ட மயக்கத்தில் இரண்டு சபையாரும் கோயில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். வலை கட்டியாயிற்று. ஜெபம் பண்ணாமல் நம்மவர்கள் ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்களே, ஆட்டத்தை மட்டும் விடுவார்களா? ஜெபிக்கும் பொறுப்பு கிள்ளான் மூப்பருக்கு. பெரியத்தான் சுண்ணாம்புக் கோட்டை ஒட்டி வந்து நின்றார். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"நீ எதுக்கும்மா இங்க நிக்கிற? அந்தப் பக்கம் பொம்பளைங்களோட போய் உக்காரு."

நீங்கள் சாதாரணமாக, "அவதான் அண்ணே என் ஜோடி. நீங்க ஜெபிங்க, வெயில் எறங்குது" என்றீர்கள்.

இரண்டு சபையும் பார்த்துக்கொண்டிருக்க அவர் என்ன செய்வார்? முகம் கறுத்துப்போயிற்று. கண்ணை மூடினார். எல்லோரும் மூடிக்கொண்டோம்.

"கிருபையுள்ள ஆண்டவரே" என்று கம்பீரமாக ஆரம்பித்தார். சபைகளுக்காகவும் சமையல் செய்தவர்களுக்காகவும் ஸ்தோத்திரம் சொன்னார். பிறகு குரல் தாழ்ந்தது. "துக்கம் ஆறாத எங்கள் குடும்பத்து மகளை உம்முடைய சமுகத்தில் ஒப்புக்கொடுக்கிறேன். அவளும் பிள்ளையும் அடுத்த மாதம் கப்பலேறிப் போகிறார்கள். ஆதரவில்லாத இந்தச் சீமையில் அவள் கால் தடுமாறாதபடி காத்து, கடல் பிரயாணத்தை வாய்க்கப்பண்ணி, பெரியவர்களுடைய நிழலில் அவளை அடக்கமாய்க் கொண்டுபோய்ச் சேர்த்தருளும். ஆமென்."

இரண்டு சபையும் "ஆமென்" என்றது.

அடுத்த மாதம் என்று எனக்கு அதுவரை அவர் சொல்லவில்லை. ஆண்டவரிடம் சொன்ன பிறகு, அத்தனை பேர் ஆமென் சொன்ன பிறகு, இனி யார் என்ன மாற்ற முடியும்? கண்ணைத் திறக்கப்போனேன். அதற்குள், மூச்சு விடக்கூட இடைவெளி கொடுக்காமல், உங்கள் கட்டைக் குரல் தொடங்கிவிட்டது.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே. இந்தச் சகோதரிக்குப் பிரிக்பீல்ட்ஸ் பள்ளிக்கூடத்தில் வேலை கொடுத்தீரே, அதற்காக ஸ்தோத்திரம். என் வீட்டுப் பின்னறையை அவளுக்கும் பிள்ளைக்கும் ஒழித்துக்கொடுக்க எனக்கு மனசைத் தந்தீரே, அதற்காக ஸ்தோத்திரம். ஆதரவில்லை என்று அண்ணன் சொன்னது உமக்கும் கேட்டிருக்கும். அண்ணன் பாவம், கிள்ளானில் இருக்கிறார், எங்கள் பக்கத்து நிலவரம் அவருக்குத் தெரியாது. நீர்தான் அவருக்குத் தெரியப்படுத்த வேண்டும். ஆமென்."

யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். ஆமென் கொஞ்சம் தயங்கித் தயங்கி வந்தது. எந்தப் பக்கம் சேருவதென்று இரண்டு சபைக்கும் தெரியவில்லை. பெரியத்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அடுத்த சுற்றுக்குத் தயாராகிறார் என்று தெரிந்துவிட்டது. அவர் மறுபடியும் ஜெபித்தால் கப்பல் நிச்சயம். நீங்கள் மறுபடியும் ஜெபித்தால் அது உங்கள் இருவருக்கும் நடக்கிற சண்டையாகவே முடியும். அப்போது நீங்கள் என் விலாவில் மட்டைப் பிடியால் ஒரு குத்துக் குத்தினீர்கள். வலித்தது அக்கா.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு சபை நடுவில் நான் வாயே திறந்ததில்லை. ஜெபத்துக்குரிய அலங்கார வார்த்தை ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. வீட்டில் பேசுகிற மாதிரியேதான் வந்தது.

"ஆண்டவரே, எனக்குக் கப்பல் வேணாம். நான் இங்கயே இருக்கேன். என் மகள நான் படிக்க வைக்கிறேன். ஆமென்."

"ஆமென்" என்று முதலில் எழுந்த குரல் பெரியத்தானுடையது. அதுதான் எல்லாக் குரலையும்விட உரக்கக் கேட்டது. வேண்டுமென்று சொல்லவில்லை, பாவம். யார் ஜெபம் முடித்தாலும் முதல் ஆமென் மூப்பருடையதாக இருக்க வேண்டும் என்பது வருஷக்கணக்கான பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் பின்னாலேயே இரண்டு சபையும் மனசாரச் சொன்னது. கண்ணைத் திறந்து பார்த்தேன். தன் வாயையே நம்ப முடியாதவர்போல நின்றுகொண்டிருந்தார். நீங்கள் ஒன்றும் நடக்காத மாதிரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தீர்கள்.

அவர் சும்மா போயிருக்கலாம். போகவில்லை. கீழே கிடந்த பந்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "ஆமென் சொல்லிட்டேன். சொன்னப்புறம் இல்லன்னு எப்படிச் சொல்றது? ஆடுங்கம்மா" என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை. அதன் பிறகு ஒருநாளும் அவர் கப்பல் பேச்சை எடுக்கவில்லை.

ஆட்டத்தில் நாம் தோற்றோம். சும்மா தோற்கவில்லை, படுதோல்வி. போதகரின் மனைவி பார்க்கத்தான் சாது. எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்து பந்தே தெரியவில்லை. நீங்கள் எனக்கும் சேர்த்து ஓடிக் களைத்துப்போனீர்கள்.

திரும்புகிற ரயிலில் பாடகர் குழு பாட ஆரம்பித்தது. உங்கள் வீட்டுக்காரர் வழக்கம்போல ஆர்மோனியத்தைக் குழந்தைமாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சீனப் பெண்மணி ஒருத்தி கோழிக்கூடையோடு ஏறி, எங்கள் பாட்டைக் கேட்டுத் தலையாட்டினாள். நானும் பாடிக்கொண்டிருக்கிறேன் என்பது இரண்டாவது பாட்டில்தான் எனக்கே தெரிந்தது. யாரும் தடுக்கவில்லை. பாட்டு ஓய்ந்ததும் உங்கள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"அக்கா, வேலை குடுத்தேன்னு மிஸ் எப்பச் சொன்னாங்க?" என்று கேட்டேன். பள்ளிக்கூடத்து வெள்ளைக்காரத் தலைமையாசிரியையைத்தான் எல்லோரும் மிஸ் என்போம்.

"எங்க சொன்னாங்க? நான் இன்னும் கேக்கவே இல்லயே."

எனக்கு வந்த கோபத்தில் உங்களைச் சன்னல் வழியாகத் தள்ளிவிட்டிருப்பேன். அத்தனை பேருக்கு முன்னால், அதுவும் ஜெபத்தில், இல்லாத வேலைக்கா ஸ்தோத்திரம் சொன்னீர்கள் என்று கேட்டேன். நீங்கள் கொஞ்சமும் அசரவில்லை. "நன்றி சொல்லிட்டேன்ல. இனிமே அவரு குடுத்துத்தான் ஆகணும்" என்றீர்கள். சொல்லிவிட்டுச் சன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கியும்விட்டீர்கள்.

திங்கட்கிழமை மிஸ்ஸைப் போய்ப் பார்த்தீர்கள். இடம் எதுவும் இல்லை என்று அவர் சொன்னதாகப் பள்ளிக்கூடத்து ஆயா மூலம் எனக்கு மத்தியானமே தெரிந்துவிட்டது. கப்பல் மறுபடியும் கண்ணுக்குத் தெரிந்தது. சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள்.

"வேலை கெடைச்சிருச்சு. நாளன்னைக்குச் சேந்துக்கணும். பாலர் வகுப்பு" என்றீர்கள்.

"அது உங்க வகுப்பு அக்கா."

"இருந்துச்சு. முட்டி வலி தாங்கல லா, நாள் பூரா நிக்க முடியல. டாக்டரும் வீட்டோட இருக்கச் சொல்லிட்டாரு."

எந்த டாக்டர், எப்போது போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வலைக்கு மேலே எம்பிக் குதித்து நீங்கள் அடித்த அடியை டிரெஸ்ஸர் பெண்கள் பார்த்துக் கை தட்டினார்கள். அந்த முட்டிக்கு வகுப்பில் மட்டும்தான் வலி, ஆடும்போது ஒன்றும் இல்லை. அதன் பிறகு எத்தனையோ தடவை நான் பேச்சை எடுத்திருக்கிறேன். எப்போது எடுத்தாலும் என் அடுப்பு கருகியது.

ஆண்டவருடைய பெயரில் நீங்கள் சொல்லிவிட்ட ஒன்று பொய்யாகப் போகக் கூடாது என்று, உங்கள் கையில் இருந்ததையே எடுத்து எனக்குக் கொடுத்தீர்கள். எத்தனையோ பெரிய பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். அவற்றில் எதுவும் எனக்கு விசுவாசம் என்றால் என்ன என்று இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை. உங்கள் பின்னறையில் இருந்துகொண்டுதான் என் மகள் படித்தாள். இப்போது ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து, முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு சேலை எடுத்து வந்தாள். நீங்கள் பார்க்கவில்லையே என்றுதான் அதைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

டிரெஸ்ஸரின் இளையவளை ஞாபகம் இருக்கிறதல்லவா, நான் பந்தைத் தவறவிட்டதற்கெல்லாம் சிரித்தவள். அவள் புருஷன் போன வருஷம் தவறிப்போனான். கைக்குழந்தையோடு தகப்பன் வீட்டில் இருக்கிறாள். டிரெஸ்ஸர் ஐயா வேலை ஓய்ந்து ஊருக்குப் போகப்போகிறார், அவளையும் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. அவளுக்குப் போக மனசில்லை. தகப்பனிடம் சொல்ல நாக்கும் எழவில்லை.

போன வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் ஐயா அவளுடைய பிரயாணத்துக்காக ஜெபித்தார். அவர் முடித்ததும் என் வாய் திறந்துகொண்டது. "இந்தச் சகோதரிக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கொடுத்தீரே, ஸ்தோத்திரம்" என்றேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். முடிந்ததும் அவள் என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், "எந்த வேல அக்கா? யாருகிட்ட கேட்டீங்க?" என்றாள். இன்னும் யாரிடமும் கேட்கவில்லை என்று சொன்னேன். அவளும் என்னைக் கோபமாகத்தான் பார்த்தாள்.

உங்களிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த வகுப்பை விட மனசில்லை. இந்த வருஷம் சேர்ந்த பிள்ளைகள் இப்போதுதான் எழுத்துக் கூட்டப் பழகுகிறார்கள். ஒரு வாண்டு போன வாரம் தன் பெயரை முழுசாக எழுதிவிட்டு, சிலேட்டை அழிக்க விடமாட்டேன் என்று கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது. சனியும் ஞாயிறும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உங்களுக்கும் அப்போது இப்படித்தான் இருந்திருக்குமா? எனக்காவது ஒரு மகள் இருக்கிறாள். உங்களுக்கு அந்தப் பிள்ளைகளை விட்டால் யார் இருந்தார்கள்? இத்தனை வருஷம் உங்களை மெச்சிக்கொண்டிருந்தேனே தவிர, அது எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. வலியை மறைத்துக்கொண்டு, வேலை கிடைத்துவிட்டது என்று சிரித்த முகத்தோடு வந்து நின்றீர்களே, அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

நாளைக்கு மிஸ்ஸைப் பார்க்கப் போகிறேன். இடம் இல்லை என்றுதான் சொல்வார். அதற்கு என்ன பதில் சொல்வதென்று யோசித்து வைத்திருக்கிறேன். கொஞ்ச நாளாக எனக்கும் முட்டி வலி.